ரெண்டாயிரம் ரூபாய் டாக்டர்

செல்வம்: அண்ணே, மொரீஷியஸுக்கு வேலைக்கு வந்து சென்ட்ரிங் பலகை தூக்கி முதுகு புடிச்சுக்கிச்சு. ராம்கூலம் டாக்டர் எத்தனை மணி வரைக்கும் பார்ப்பாரு?

முருகேசன்: எந்த ராம்கூலம்?

செல்வம்: இந்த ஊரு ரெண்டாயிரம் ரூபாய் நோட்டுல இருக்காரே. டாக்டர்னு நீங்கதானே சொன்னீங்க?

முருகேசன்: அவரு 1985லயே போய்ச் சேர்ந்துட்டாரு. சீவுசாகர் ராம்கூலம். லண்டன்ல மருத்துவம் படிச்சவரு. 1968ல மொரீஷியஸுக்குச் சுதந்திரம் கிடைச்சப்போ முதல் பிரதமர்.

செல்வம்: நேத்து டிவியில பேசினாரே?

முருகேசன்: அது மகன் நவீன். டப்ளின்ல டாக்டருக்குப் படிச்சு, அப்புறம் லண்டன்ல சட்டமும் படிச்சவரு.

செல்வம்: மகனுக்கும் ஃபீஸ் ரெண்டாயிரம்தானா?

முருகேசன்: டேய், அவரு பிரதமர்டா!

செல்வம்: அதனால என்ன, ஆபீஸ் முடிஞ்சு சாயங்காலம் பார்க்க மாட்டாரா?

முருகேசன்: நம்ம ஊர்ல டாக்டர்னு போஸ்டர் அடிக்கிற தலைவருங்ககிட்ட தலைவலின்னு போய் நின்னிருக்கியா? அங்க பட்டம் வீடு தேடி வரும். இங்க அப்பனும் மகனும் நெசமாவே படிச்சவங்க.

செல்வம்: அப்போ கேள்வி கேக்காம ஓட்டுப் போட்டுடலாம்!

முருகேசன்: இந்தப் புத்திதான்! இங்கத்த ஜனம் அப்படியில்ல. 20 தொகுதி, தொகுதிக்கு 3 எம்.பி. ஒவ்வொருத்தரும் சரியா மூணு போடணும். ரெண்டு போட்டா செல்லாது, நாலு போட்டாலும் செல்லாது.

செல்வம்: சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

முருகேசன்: மாத்திரை இல்லடா, ஓட்டு! முக்கால்வாசிப் பேரு மூணையும் ஒரே அணிக்குப் போட்டுடுவாங்க. அதனால காத்து திரும்புச்சுன்னா அறுபதும் ஒரே பக்கம் சாஞ்சுடும். ரோட்ரிக்ஸ் தீவோட ரெண்டு சீட்டு மட்டும் தனிக்கணக்கு. 1982ல அப்பாவுக்கு எதிரா 60க்கு 0. டிரியோலே பக்கம் சொந்தத் தொகுதியிலயே தோத்தாரு. 1995ல மகனுக்கு ஆதரவா 60க்கு 0. 2014ல அதே அப்பா தொகுதியில மகனும் அவுட்டு. 2019ல தொகுதியை மாத்திப் பார்த்தாரு, அங்கயும் அவுட்டு. 2024ல மறுபடி அவருக்கே 60க்கு 0.

செல்வம்: சுகர் மாதிரி பரம்பரையா வருதேண்ணே!

முருகேசன்: நம்ம ஊர்ல டாக்டர் ஊசி போடுவாரு. இங்க டாக்டருக்கே ஜனங்க போடுவாங்க.

செல்வம்: எனக்கு யாரு போடுவா?

முருகேசன்: அந்த நோட்டை எடு. இங்கிலீஷுக்கு அடுத்து என்ன எழுத்து?

செல்வம்: அட, தமிழு! அப்புறம் இந்தி.

முருகேசன்: 1998ல, இதே மகன் ஆட்சியில, இந்தியை முன்னாடி வச்சு தமிழைப் பின்னாடி தள்ளி நோட்டு அடிச்சாங்க. இங்கத்த தமிழாளுங்க கொந்தளிச்சுட்டாங்க. வீட்ல கிரியோல்னு பிரெஞ்சு கலந்த பாஷை பேசுறவங்கடா அவங்க! அடிச்ச நோட்டை வாபஸ் வாங்கி, வரிசையைத் திருத்தி, புதுசா அடிக்க வேண்டியதாப் போச்சு. தமிழ் மீடியத்துல படிச்ச நீ மூஞ்சியை மட்டும் பார்த்திருக்க.

செல்வம்: மூஞ்சியைப் பார்த்துத்தாண்ணே ஃபீஸையே கண்டுபிடிச்சேன்.

முருகேசன்: பாம்ப்ளமூஸ்ல அப்பா பேருல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. பஸ்ஸப் புடிச்சுப் போ.

செல்வம்: போறேன். அங்க ராம்கூலம் எத்தனை மணி வரைக்கும் இருப்பாரு?