2 போட்டால் என்ன தப்பு?
மறுபடியும் பிண்டிக்ஸ் படிவம் வந்துவிட்டது. எட்டாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியர்களுக்காக 2013-ல் தேசிய அளவில் வந்த சுயமதிப்பீடு இது, ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 4 வரை நமக்கு நாமே மார்க் போட வேண்டும். கேள்விகள் நல்ல கேள்விகள்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மனசாட்சிப்படி 2 போட்டால் "ஏன் டீச்சர் குறைச்சுப் போட்டீங்க, மேலதிகாரிகளிடமிருந்து கேள்வி வரும், 4 போட்டுடுங்க" என்கிறார்கள். இடமதிப்பு சொல்லித்தருவது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, யாராவது உதவுங்கள் என்றுதானே 2 போட்டேன்! அப்புறம், ஜூனில் எழுத்துக்கூட்டவே திணறிய பிள்ளை டிசம்பரில் பஸ் போர்டைச் சத்தமாக வாசித்தாளே, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தலைமை ஆசிரியர் பாவம், வகுப்பை எட்டிப் பார்க்கவே அவருக்கு நேரமில்லை. பதிவேற்றம் முடிந்ததா என்று மட்டும்தான் அவரையும் கேட்கிறார்கள்.