மெழுகுவர்த்தி அல்ல சிக்கல்

புதுப்பாணிக் கிறிஸ்தவ சபைகளில் ஆராதனையின் வடிவம்தான் மாறுகிறது, உபதேசம் அப்படியே இருக்கிறது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அங்கே வரும் மெழுகுவர்த்தி, மங்கிய விளக்கு, தியான இசையோடு எனக்கும் சண்டையில்லை; மெழுகுவர்த்தியும் தூபமும் கோவிலூர், எலத்தகிரி கத்தோலிக்க ஆலயங்களில் தலைமுறைகளாக இருப்பவைதானே! சிக்கல் வேத வசனத்தைக் கையாளும் விதத்தில்.

பெருங்கதையாடல்கள், அதாவது எல்லாவற்றையும் விளக்குவதாகச் சொல்லும் பெரிய கதைகள், மீதான அவநம்பிக்கை என்று பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் 1979-இல் சொன்ன அதே மனநிலை, ஓசூர் வாலிபர் கூட்டத்தில் 'இந்த வசனம் உங்களுக்கு என்ன சொல்கிறது?' என்ற கேள்வியாக நுழைகிறது. யார், யாருக்கு, ஏன் எழுதினார் என்று பார்க்கும் முன்பே ஆளுக்கொரு பதில். எல்லாமே சரி என்று ஜெபத்தோடு முடித்துவிடுகிறார்கள். முதலில் அதிகாரம் முழுவதையும் வாசிக்க வேண்டும், பிறகு பின்னணி. 'எனக்கு என்ன' என்பது கடைசியில்தான்.

அத்தேனே பட்டணத்தில் பவுலும் கிரேக்கப் புலவர்களை எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 17:28). ஆனால் அடுத்த மூன்று வசனங்களுக்குள் மனந்திரும்புதல், நியாயத்தீர்ப்பு, உயிர்த்தெழுதல் என்று வந்துவிட்டார். சிலர் இகழ்ந்தார்கள், இகழட்டும் என்று விட்டார்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கடந்த மூன்று மாதப் பிரசங்கக் குறிப்புகளை எடுத்து, 1 கொரிந்தியர் 15:3-4 சொல்லும் பாவம், மரணம், அடக்கம், உயிர்த்தெழுதல் எத்தனை வாரம் வந்தது என்று எண்ணுங்கள். ஞானஸ்நான வகுப்பில் சபையின் அடிப்படை நம்பிக்கைகளைச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை வரிவரியாக நடத்துகிறார்களா என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் சாட்சி வீடியோ போடும் பழக்கம் எங்கள் ஓசூர்ப் பக்கமும் வந்துவிட்டது.