வரிசையும் பொருள் சொல்லும்
ஒரே வடிவத்தில் வாக்கியங்களை அடுக்குவது மேடைக்குத்தான் சரி, எழுத்தில் அது வெறும் அலங்காரம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஏற்காடு மலைமேல் எங்கள் ஊருக்குக் காலை பஸ் கேட்டு மனு எழுதினோம். முதலில் "மாணவர்கள், நோயாளிகள், காப்பித் தோட்டத் தொழிலாளர்கள் ஆகியோர் பெரிதும் சிரமப்படுவதால்" என்று ஒரே நீள வாக்கியம். யாருக்கு என்ன கஷ்டம் என்றே தெரியவில்லை. அப்புறம் அக்கா மாற்றி எழுதினாள்: "பஸ் இல்லாத நாளில் பிள்ளைக்குப் பள்ளி இல்லை. பஸ் இல்லாத நாளில் எங்களுக்குக் கூலி இல்லை. பஸ் இல்லாத நாளில் பிரசவ வலியோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க ஜீப் தேட வேண்டும்." மூன்றாவதும் "இல்லை" என்று முடியும் என மனம் காத்திருக்கிறது. முடியாததால்தான் அங்கே நின்றுவிடுகிறோம். தமிழில் வினை கடைசியில் வருவது இந்தக் காத்திருப்பை இன்னும் கூட்டுகிறது. முதலில் வரிசையாகச் சொன்னவற்றுக்கு உரியவற்றை அதே வரிசையில் பின்னால் சொல்வது நிரல்நிறை அணி. அதற்குப் பள்ளியில் படித்த "அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது" என்ற குறளில் அன்போடு பண்பையும் அறத்தோடு பயனையும் இணைப்பது வரிசை மட்டும்தானே? சமமில்லாததையும் சமமாகக் காட்டி அடுக்கு ஏமாற்றும் என்று அந்தக் கட்டுரைக்கு ஒரு வாசகர் எழுதியதும் உண்மை. "மருத்துவமனையும் சாலையும் அலங்கார வளைவும் வேண்டும்" என்று எழுதச் சொன்னார் ஊர்ப் பெரியவர் ஒருவர். அந்த 'உம்' மூன்றையும் சமமாக்கிவிடும் என்று வளைவை மட்டும் எடுத்துவிட்டோம்.