வெலிங்டனின் முகத்தைப் பாருங்கள்

ஸ்பானிய ஓவியர் கோயா வரைந்த, பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் ஓவியம் என்றாலே எல்லோரும் திருட்டுக் கதைக்குப் போய்விடுகிறார்கள். 1961இல் லண்டன் நேஷனல் கேலரி 1,40,000 பவுண்டு கொடுத்து வாங்கி மாட்டிய சில வாரங்களிலேயே காணாமல் போய், 1965இல் திரும்பக் கிடைத்தது. சரி, சுவாரசியமான கதைதான். ஆனால் அந்தப் பரபரப்பில் படத்தில் இருக்கும் மனிதரைக் கவனிக்காமல் விடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

ஸ்பெயினில் நெப்போலியனின் பிரெஞ்சுப் படைகளோடு போரிட்டு, 1812 ஆகஸ்டில் தலைநகர் மாட்ரிட்டுக்குள் நுழைந்தபோது வெலிங்டனுக்கு வயது 43. (திப்பு வீழ்ந்த 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் கர்னலாக இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி இவர்தான்.) அந்த ஏப்ரலில் ஸ்பெயினின் படஹோஸ் கோட்டையைப் பிடித்திருந்தார். பிடித்த கையோடு அவருடைய சிப்பாய்களே அந்த ஊரைச் சூறையாடினார்கள். ஜூலையில் பிரெஞ்சுப் படையை வென்ற சலமான்கா போர். இதெல்லாம் முடிந்து வந்தவரைத்தான் கோயா வரைந்தார். கோயாவுக்கு அப்போது 66 வயது, காது சுத்தமாகக் கேட்காது.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்புக் கோட்டு, மார்பு நிறைய நட்சத்திர விருதுகள். அப்புறம் முகத்துக்கு வாருங்கள். அகலத் திறந்த கண்கள், பல நாள் தூக்கம் கெட்ட கண்கள். வாய் லேசாகத் திறந்து மேல்வரிசைப் பல் தெரிகிறது. வெற்றி பெற்ற தளபதியைப் பல் தெரிய வரைவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1814இல் புதிதாகக் கிடைத்த விருதுகளைச் சேர்த்துப் படத்தைத் திருத்தினார் கோயா. பதக்கம் கூடியது, முகத்தின் களைப்பு அப்படியேதான் இருக்கிறது.

அதே காலத்தில்தான் 'போரின் பேரழிவுகள்' என்ற பட வரிசையைச் செப்புத் தகடுகளில் செதுக்கிக்கொண்டிருந்தார். மரத்தில் செருகப்பட்ட உடல்கள், பசியில் சுருண்ட மாட்ரிட்வாசிகள். கோயா உயிரோடு இருந்தவரை அவை நூலாக வெளிவரவில்லை, 1863இல்தான் அச்சாயின. அதையெல்லாம் செதுக்கிய கை ஒரு ஜெனரலை வெறும் அலங்காரமாக வரையுமா?

சில ஆண்டுகள் கழித்து ஆங்கிலேய ஓவியர் தாமஸ் லாரன்ஸ் வரைந்த வெலிங்டன் கைகட்டி, நிமிர்ந்து, கம்பீரமாக நிற்கிறார். அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் போர் எங்கே இருக்கிறது? படைத்தலைவருக்கு நினைவு ஓவியம் வரையச் சொல்லும் எந்த அரசும் லாரன்ஸ் மாதிரிதான் கேட்கும். கோயா மாதிரி கேட்க வேண்டும் என்பதே என் கட்சி. அந்தப் பதவி ஒரு மனிதரை என்ன செய்தது என்று தெரியாத படம் யாருடைய நினைவைக் காக்கப் போகிறது?

லண்டன் போகும் நண்பர்கள் டிராஃபால்கர் சதுக்கத்தில் நுழைந்து பார்த்துவிட்டு வாருங்கள். நேஷனல் கேலரிக்கு அனுமதி இலவசம்.