பில் பிராட்லியின் ஆக்ஸ்ஃபோர்டு ஆண்டுகள்
அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கொடிகட்டிப் பறந்த பில் பிராட்லி, 1965-இல் ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க வெளிநாட்டு மாணவர்களுக்கு வழங்கப்படும் ரோட்ஸ் உதவித்தொகையைப் பெற்று அங்கே சென்றதால் தம் ஆட்டத்தின் சிறந்த இரண்டு ஆண்டுகளை இழந்துவிட்டார் என்று அவரைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த இடைவெளியில் அவர் பந்தைத் தொடாமல் இருக்கவில்லை; இத்தாலியின் மிலான் அணிக்காக ஆடி, 1966-இல் அந்த அணி ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை வெல்வதில் பங்காற்றினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 58 புள்ளிகள் குவித்தவர், பின்னாளில் தொழில்முறை அணியான நியூயார்க் நிக்ஸில் ஆட்டத்துக்குச் சராசரியாக 12 புள்ளிகளே எடுத்தார் என்பது உண்மைதான். ஆனால் அதைச் சரிவு என்று கொள்வது பொருந்தாது: பந்து கையில் இல்லாதபோதும் இடைவிடாது ஓடி, தம்மைத் தடுக்க நிற்பவரைக் களைப்படையச் செய்து, சக வீரர்களுக்கு இடம் உண்டாக்கித் தரும் ஆட்டத்தை அவர் மேற்கொண்டது, 1970, 1973 ஆகிய ஆண்டுகளில் நிக்ஸ் அணி வென்ற இரு சாம்பியன் பட்டங்களுக்கும் துணைநின்றது. பின்னர் அரசியலில் இறங்கி, நியூஜெர்சி மாநிலத்திலிருந்து 18 ஆண்டுகள் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் அவர் இருந்ததற்கு விளையாட்டுப் புகழே காரணம் என்று அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் கூறியிருக்கிறார். முதல் தேர்தலில் புகழ் கைகொடுத்திருக்கலாம், ஆனால் 1986-ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டத்துக்காக அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்ததைப் புகழைக் கொண்டு விளக்கிவிட முடியாது.