மனித உயிருக்கு விலை ஒரு கோடி டாலரா?

"பொருளாதார நிபுணர்கள் உயிருக்கு ஒரு கோடி டாலர் என்று விலை குறித்துவிட்டார்கள்; தொற்றுத் தடுப்புச் செலவு அதைத் தாண்டினால் ஆளைச் சாகவிடுவார்கள்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அந்தத் தொகை எவருடைய உயிரின் விலையும் அல்ல. சிறு ஆபத்தைக் குறைக்க மக்கள் தரத் தயாராக இருக்கும் பணத்தின் கூட்டல். 10,000 பேரில் ஒவ்வொருவருக்கும் சாவு அபாயம் பத்தாயிரத்தில் ஒன்று குறைகிறது, அதற்கு ஆளுக்கு 1,000 டாலர் தரச் சம்மதம் என்றால் மொத்தம் 1 கோடி. தப்புவது சராசரியாக ஓர் உயிர். யாருடையது என்று முன்கூட்டித் தெரியாது. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு இந்த எண்ணைப் பொருத்துவது கணக்கையே தலைகீழாகப் படிப்பது.

"தொற்று வரவில்லை, பணம் வீண்" என்ற வாதமும் கூடவே வருகிறது. அது நிகழ்தகவை விழுங்கிவிடுகிறது. ஆண்டுக்கு 2% வாய்ப்பு, வந்தால் 10 லட்சம் மரணம் என்று வையுங்கள்: ஆண்டுச் சராசரி 20,000. தடுப்பு அதில் கால்பங்கைக் குறைத்தாலே 5,000 உயிர், நோய் எட்டிப் பார்க்காத ஆண்டிலும் வரவில் சேரும்.

நியாயமான சர்ச்சை வயதைப் பற்றியது: முதியோருக்கும் இதே தொகையா, குறைவா? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு மாற்றுக் கணக்கில் 70 வயது தாண்டியோருக்கு இந்தத் தொகையை 37% குறைத்தது. எதிர்ப்பு வெடித்ததும் 2003இல் கைவிட்டது.