கஜாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் பயம் குறைந்த விதம்

கஷ்டத்தில் இருக்கிறவரைப் பார்க்கப் போனால் நம் எல்லோர் வாயிலும் முதலில் வருவது "தைரியமா இருங்க" என்பதுதான். நல்ல மனசோடுதான் சொல்கிறோம். ஆனால் அதைக் கேட்டு ஒருவர் எழுந்து வேலையைப் பார்க்கப் போனதை நான் கண்டதில்லை. எங்களுடையது பேராவூரணிப் பக்கம் தென்னையை நம்பி வாழ்ந்த குடும்பம். கஜா புயலுக்குப் பிறகு வந்தவர் போனவர் எல்லோரும் இதையே சொன்னார்கள். அப்பா எல்லோருக்கும் தலையாட்டினார். தோப்புக்கு மட்டும் போகவில்லை.

2018 நவம்பர் 16, விடியற்காலை. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்த புயல் திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று உள்ளே புகுந்து அடித்தது. டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன. விழுந்த தென்னைகளை அப்போது லட்சக்கணக்கில்தான் சொன்னார்கள். நெட்டைத் தென்னை வைத்தால் காய்ப்புக்கு வரவே ஆறேழு வருஷம் ஆகும். எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் தாத்தா கையால் வைத்த மரங்கள். படிப்பு, கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அந்தக் காய் வெட்டில்தான் நடந்தது. விழுந்த ஒரு தென்னைக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அத்தனை வருஷ உழைப்புக்கு அது எந்த மூலைக்கு?

அந்த நாட்களில் கவனித்த ஒன்று இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. ஊர் மொத்தமும் இழந்திருந்தது. அப்படியும் ஒவ்வொரு வீட்டிலும் "நமக்கு மட்டும் ஏன் இப்படி" என்ற பேச்சுதான் ஓடியது. அடுத்த தோப்பில் நாலு மரம் சாயாமல் நின்றால் அதுவே கண்ணை உறுத்தியது. தன்னிரக்கம் செய்கிற வேலை இதுதான். எல்லோருக்கும் வந்த துக்கத்தை எனக்கென்று வந்த தண்டனை ஆக்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரரும் அதே நிலையில்தான் இருக்கிறார் என்பது தெரியாமல் போய்விடும். அவரோடு பேசுவதும் நின்றுபோகும்.

நிவாரணம் கேட்டு மறியல் செய்தவர்களைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ரோட்டுக்குப் போய் நாலு பேரோடு உட்கார்ந்து சத்தம் போட்டவர்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டார்கள். நம் நியாயத்தைக் கேட்பது வேறு, நம்மை நினைத்தே உருகிக்கொண்டிருப்பது வேறு. வெளியே வராமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்களை நினைத்துத்தான் நாங்கள் பயந்தோம். ஒரத்தநாடு பக்கம் விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்தன. அவர்களைக் கோழைகள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். ஒரே ராத்திரியில் முப்பது வருஷ வாழ்க்கை தரையில் கிடப்பதைப் பார்த்தவருக்கு எவ்வளவு தைரியம் மிச்சம் இருக்கும் என்று வெளியே நின்று யார் அளப்பது?

அப்பாவை எழுப்பியது சித்தப்பாதான். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அண்ணே, நாளைக்கு அறுக்குற மெஷின் வாடகைக்கு வருது. எந்த மரத்த மொதல்ல எடுக்கணும்னு எனக்குத் தெரியாது. நீ வந்து காட்டிட்டு உடனே திரும்பிடு" என்றார். அவ்வளவுதான். அப்பா காலையில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போனவர் இருட்டித்தான் வந்தார். பம்புசெட்டுக்குப் போகிற வழியில் குறுக்கே கிடந்ததை முதலில் எடுத்தார்கள், அப்புறம் நிற்கிற மரங்களை ஒட்டிக் கிடந்தவற்றை. தென்னை தெரிந்தவர்களுக்குக் காரணம் புரியும். விழுந்த மரம் மட்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகும், பிறகு தப்பித்த மரத்தின் குருத்தையும் குடைந்துவிடும். அப்பாவுக்கு மட்டுமே தெரிந்த ஒரு வேலை, தள்ளிப்போட முடியாத வேலை. மரத்தடியில் அவர் அழவும் செய்தார். சித்தப்பா மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார், பிறகு அடுத்த மரத்துக்குப் போனார்கள்.

பயம் வேறு மாதிரி. எங்கள் வீட்டில் பயம் என்றால் கடன்தான். சங்கத்தில் வைத்த நகை, குழுக் கடன், உரக்கடை பாக்கி, கைமாத்து. யாரும் கூட்டிப் பார்க்கவே இல்லை. பார்க்கப் பயம். ஒருநாள் அம்மா பழைய ஸ்கூல் நோட்டு ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் எழுத வைத்தார். தொகை கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் எழுதிய பிறகுதான் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. உரக்கடைக்காரர் நம்மூர் ஆள், நேரில் போய்ப் பேசினால் பொறுப்பார். நகைக்கு வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கலாம். குழுத் தவணைக்கு மட்டும் வாசலில் வந்து நிற்பார்கள், அதற்குத்தான் முதலில் வழி பார்க்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி அம்மா தூங்கினார். இப்போதும் யாராவது கடன் பயத்தில் என்னிடம் பேசினால், "மொத்தம் எவ்வளவுன்னு எழுதியிருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கார்த்திகை மாசம் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். போகட்டும். அந்தப் பயம் இருப்பதால்தான் இப்போது தென்னையை மட்டுமே நம்பவில்லை. புதுக் கன்றுகளுக்கு இடையில் வெயில் விழுந்த வருஷங்களில் உளுந்தும் கடலையும் போட்டார். ஊரிலும் அப்படித்தான். புயலுக்கு அடுத்த வருஷம், 2019-ல், பேராவூரணிப் பெரிய குளத்தைத் தூர்வார எங்கள் பகுதி இளைஞர்களும் விவசாயிகளும் கைஃபா என்ற சங்கமாகச் சேர்ந்து இறங்கினார்கள். எல்லாம் இழந்து கிடந்த ஊரில் பணமும் டீசலும் உழைப்பும் எங்கிருந்து வந்தன என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். இழந்தவர்கள்தான் கொடுத்தார்கள்.

வேலை போனவர்கள், வியாபாரம் படுத்தவர்கள், வீட்டில் ஒருவரை இழந்தவர்கள் என் நட்பு வட்டத்திலும் இப்போது இருக்கிறீர்கள். ராத்திரியில் எண்ணம் தப்பான பக்கம் போனால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கோ 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கோ கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. கடன் கணக்குதான் பிரச்சினை என்றால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள், சேர்ந்து உட்கார்ந்து எழுதிப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அப்படிக் கிடந்தால் நேரில் போங்கள், அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு வேலையைக் கேட்டுக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள்.